சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்

வெள்ளைக்காரன் காலத்தில் அரசு வேலைக்கு எப்படி ஆள் எடுத்தார்கள் என்ற பாடத்தை நான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன். "உங்கள்ல யாருக்காவது சித்தப்பா, பெரியப்பா லண்டன்ல கம்பெனி டைரக்டரா இருக்காரா? இல்லைன்னா எழுந்து வீட்டுக்குப் போகலாம்" என்பேன். அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் வகுப்பு. மின்விசிறிச் சத்தத்தையும் மீறிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் முதல் தடவை சொல்வதுபோல் சிரித்துக்கொள்வேன்.

சிரிப்பு அடங்கியதும் பாடம். ஆரம்பத்தில் எல்லாம் நியமனம்தான். லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனி இயக்குநர்கள் ஆளுக்கு இத்தனை இடம் என்று பிரித்துக்கொண்டு மகன், தங்கை மகன், சிநேகிதனின் தம்பி என்று பார்த்துப் பார்த்துக் கப்பல் ஏற்றினார்கள். மீசை சரியாக முளைக்காத பிள்ளை இங்கே வந்து இறங்கி ஒரு ஜில்லாவுக்கே நாட்டாமை செய்யும். அப்புறம்தான் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், மார்க் எடுத்தவனுக்கு வேலை. சீனாக்காரர்கள் செய்ததைப் பார்த்துத்தான் இவர்களுக்கு அந்த யோசனையே வந்தது என்று சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்திலேயே அரசு அலுவலகங்களில் சிபாரிசு சௌக்கியமாக இருந்த நாளில், இந்தியாவுக்கு அனுப்பும் ஆட்களுக்கு முதலில் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். மருந்தை அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தான் குடிப்பதுபோல.

தேர்வு எல்லோருக்கும் பொது என்றார்கள். ஆனால் லண்டனில்தான் எழுத வேண்டும். வயது வரம்பை வேறு குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பத்தொன்பதில் நிறுத்தினார்கள். நம் ஊர்ப் பையன் கடல் தாண்டி, சாதிக்காரர்களின் வாயில் விழுந்து எழுந்து, லத்தீனும் கிரேக்கமும் படித்த துரைமார் பிள்ளைகளோடு பத்தொன்பது வயதுக்குள் மோத வேண்டும். அந்தத் தேர்வுக்கென்றே லண்டனில் தனிப்பயிற்சிக் கூடங்கள் முளைத்தன. மண்டையில் பாடத்தை இடித்துத் திணிப்பதுதான் அவற்றின் வேலை. "அவங்கதான் நம்ம தொழிலுக்கு முப்பாட்டனுங்க" என்று சொல்லி என் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவேன். அதற்கும் ஒரு சிரிப்பு விழும்.

கடைசியாக வைத்திருப்பது குதிரை. புத்தகப் புழுக்கள் எல்லாம் அதிகாரியாகி வந்துவிடுமோ என்ற பயத்தில், குதிரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. எழுத்துத் தேர்வில் நன்றாகத் தேறிய இந்திய இளைஞர் ஒருவர், குதிரைத் தேர்வுக்குப் போய் நிற்காததால் மட்டும் வேலை கிடைக்காமல் போனார். இதை நான் நடித்தே காட்டுவேன். மேசை விளிம்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கடிவாளம் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் படிச்சேன் துரை, இது மட்டும் சிலபஸ்ல இல்லையே" என்பேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். என் மனைவி மட்டும் இதற்குச் சிரித்ததில்லை. அவளுக்கு நான் வீட்டில் நடித்துக் காட்டிய அன்று, பருப்பைக் கடைந்துகொண்டே, "அந்த ஆளுக்கு எப்டி இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

என் தகுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர். குடியிருப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் அரசு வேலையைத் தவிர வேறு வேலை உலகத்தில் இருப்பதாக யாரும் பேச மாட்டார்கள். நானும் எழுதினேன். எல்லாத் தேர்வும் எழுதினேன். பட்டியலில் என் எண்ணைத் தேடித் தேடிக் கண்தான் பூத்துப்போனது. தேறாதவன் என்ன செய்வான், பிறரைத் தேற வைக்கப் போனேன். அதில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு.

என் மனைவியை நான் சந்தித்ததும் ஒரு பயிற்சி வகுப்பில்தான். பாரிவாக்கம் தாண்டி ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வரலாற்றில் எம்.ஏ. மாதிரித் தேர்வு எதுவானாலும் என்னைவிடப் பத்து மார்க்காவது கூட வாங்குவாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். உண்மையான தேர்வில் அவளுக்கும் வரவில்லை. ஒரு முறை மயிரிழையில் போனது. அப்புறம் கல்யாணம், மகள், என் அம்மாவின் நோய் என்று ஒவ்வொன்றாக வந்தன. நான் எழுதுவதை நிறுத்தவில்லை, அவள் நிறுத்திவிட்டாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. தொடரச் சொல்லவும் இல்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது அவள் ஊரில், அவள் அப்பா கொடுத்த இடத்தில் கட்டிய வீட்டில். சுற்றிலும் வயல் இருந்த இடமெல்லாம் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறது. ஒரு நாள் மகளுக்குச் சான்றிதழ் வாங்க கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனவள், கையில் சான்றிதழோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். கிராம உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பழைய பெயர் தலையாரி. அலுவலருக்குக் கூடமாட உதவியாக இருப்பது, ஊருக்குள் தகவல் சொல்வது, அளக்க வருகிறவர்களுக்கு எல்லை காட்டுவது, மழைக்காலத்தில் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வது போன்ற வேலைகள். உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு போதும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் சிரித்துவிட்டேன். "வந்துடுச்சு பார் குதிரை" என்றேன்.

"எனக்கு வயசு இந்த வாட்டி எழுதறதுக்குத்தான் கீது. அடுத்த வாட்டி தாண்டிடும்" என்றாள் அவள்.

"எம்.ஏ. படிச்சிட்டு தலையாரி வேலையா? என்கிட்ட படிச்ச பசங்க தாசில்தாரா இருக்காங்க. நாளைக்கு அவன் முன்னாடி போய் நீ கை கட்டி நிப்பியா?"

"நிப்பேன். அவரு படிச்சி வந்தாரு, நிக்கறதுக்கு இன்னா?" என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "இதுவரிக்கும் ஒரு லிஸ்ட்லயும் என் பேரு வரலைங்க. ஒண்ணுலயாச்சும் வந்துட்டு போவட்டுமே" என்றாள்.

விண்ணப்பப் படிவத்தை நானே வாங்கிவந்து கொடுத்தேன்.

ஆனால் அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் பெண்பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் என்று வீட்டில் விடவில்லை. அப்புறம் பஸ், அப்புறம் என் வண்டியின் பின்சீட்டு. வீட்டில் சைக்கிள் இருந்தது. மகளுக்குப் பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள், முன்னால் கூடை வைத்தது. மறுநாள் விடியற்காலையிலேயே அதை உருட்டிக்கொண்டு மனைப் பக்கம் போனோம்.

கற்றுக்கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பெயர் அங்கே செல்லவில்லை. காரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியபடி, சமநிலை என்றால் என்ன, பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "கிளாஸ் எடுக்காதீங்க, புடிங்க" என்றாள். பிடித்தேன். பத்து அடி போய் இருவரும் ஒரு மனைக்கல்லின் மேல் சாய்ந்தோம். முழங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். நாலாம் நாள் நான் பிடிக்காமலே நேராகப் போனாள். வாக்கிங் போகிற ஆட்கள் நின்று பார்த்தார்கள். நாற்பதை எட்டப் போகிற பெண்மணி சைக்கிள் பழகுவதும் வழுக்கை விழுந்த புருஷன் பின்னால் ஓடுவதும் அவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஒருவர் வாழைப்பழம் கூடக் கொடுத்தார்.

நேராகப் போவதில் குறையில்லை. திரும்பும்போதுதான் வில்லங்கம். வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்றால் போதும், கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு வரைக்கும் பத்துத் தடவை திரும்பினால் ஏழு தடவை கால் ஊன்றினாள். "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வரும் என்று தோன்றவில்லை. ராத்திரி அவள் முழங்காலுக்கு மஞ்சள் பற்று போட்டுக்கொண்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பட்டியலிலும் பேர் வராவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் ஊரில் ஒரு பிரமுகர் உண்டு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவர் வீட்டு வாசலில் கார் நிற்கும். மனை வியாபாரம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு கொடுப்பது, கோயில் திருவிழாவுக்குத் தலைமை தாங்குவது எல்லாம் அவர்தான். தாலுகா அலுவலகத்தில் அவருக்குச் செல்வாக்கு என்று ஊரில் ஒரு பேச்சு. செல்வாக்கு நிஜமா, பேச்சுதான் செல்வாக்கா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வகுப்பு முடிந்து வரும் வழியில், நசரத்பேட்டை அருகே நெடுஞ்சாலை ஓர டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"இன்னா வாத்தியாரே, இந்தப் பக்கம் வந்துகினு கீற?" என்றார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. வார்த்தைகள் வழவழவென்று வந்தன என்பது மட்டும் நினைவிருக்கிறது. எத்தனையோ பேர் இப்படி ஆரம்பித்ததைக் கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயும் அந்தப் பாஷை எங்கோ இருந்திருக்கிறது.

"அட, உன் ஊட்டுக்காரம்மாவா? நம்ம ஊர்ப் பொண்ணு. இதுக்கு இன்னாத்துக்குத் தயங்கினு நிக்கற நைனா?" என்றவர், சட்டைப்பையிலிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். "சொல்லி வெக்கறேன். போ" என்றார். டீக்கும் அவரே கொடுத்தார்.

வண்டியை எடுக்கும்போது என் பாடமே எனக்கு நினைவுக்கு வந்தது. கம்பெனி காலத்து நியமன விண்ணப்பத்தில், உன்னை நியமித்தவர் யார், அவரிடம் உனக்காகச் சொன்னவர் யார் என்று கேட்டு எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வார்கள். வெட்கப்படாமல் எழுதி வைத்த ஆட்கள். நாம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துப் போட்டுவிடுகிறோம். அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மனைப் பக்கம் போய்விட்டு வந்து, "இன்னிக்கு ஆறு வாட்டிதான் ஊனினேன்" என்றாள்.

தேர்வு நாளில் நான் இன்னொரு கூத்தும் செய்தேன். மாதிரி நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்து பழகிய ஆள் நான். பெண்கள் என்றால் பருத்திப் புடவை, மடிப்புக்கு ஊக்கு, தலையில் அதிகம் பூ வேண்டாம் என்பதெல்லாம் என் குறிப்பிலேயே இருக்கும். அவள் சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள். "அதிகாரி முன்னாடி போறே, புடவைதான் மரியாதை" என்று அடம்பிடித்து மாற்ற வைத்தேன். கஞ்சி போட்ட புடவை. பாதி வழியில், பின்சீட்டிலிருந்து, "ஏங்க, நான் இதைக் கட்டிக்கினு சைக்கிள்ல எப்டி ஏறுவேன்?" என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் தேர்வு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அதுவரை அது உறைக்கவில்லை. திரும்பிப் போக நேரமும் இல்லை.

தாலுகா அலுவலக வாசலில் கூட்டம். பொறியியல் படித்த பையன்கள் நாலைந்து பேர், கைக்குழந்தையோடு ஒரு பெண், நரைத்த தலையோடு ஒருவர். ஐந்தாம் வகுப்பு கேட்ட வேலைக்குப் பட்டதாரிகள் பட்டச் சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, என் வகுப்பில் நான் அடிக்கிற நகைச்சுவையெல்லாம் அசட்டுத்தனமாகப் பட்டது. கூட வந்தவர்களைக் காவலாளி கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணிச் சத்தமும், அவ்வப்போது யாரோ கைதட்டுவதும் கேட்டது. யாருக்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது புடவையின் ஓரத்தில் செயின் எண்ணெய்க் கறை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரும்புச் சாறு கடையில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அங்க வெச்சிருந்தது ஆம்பளைங்க ஓட்டற சைக்கிளுங்க. நடுவுல கம்பி. புடவையக் கொசுவி சொருகிக்கினு ஏறிட்டேன். நேராப் போனேன். திரும்பறப்ப கால் ஊனிட்டேன்."

"அய்யோ" என்றேன்.

"இருங்க. அந்த அதிகாரி பாத்தாரு. 'இன்னொரு வாட்டி ஓட்டுங்கம்மா'ன்னாரு. ரெண்டாவது வாட்டி ஓட்டினேங்க. சுண்ணாம்புக் கோட்டத் தாண்டாம, கால் ஊனாம, ஃபுல்லா சுத்தி வந்தேன். புள்ளைங்க கை தட்டிச்சிங்க."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த 'இன்னொரு வாட்டி' என்ற வார்த்தை என் காதில் வேறு மாதிரி விழுந்தது. கரும்புச் சாறை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, போனில் படம் எடுத்து, மகளுக்கு அனுப்பினாள்.

வேலை அவளுக்குப் பொருந்திப் போனது. மகளின் சைக்கிள் அவளுடையதாகிவிட்டது. காலையில் அலுவலகம், அப்புறம் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுப்பது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டுவந்து அலுவலரிடம் சொல்வது. முதல் மழைக்காலத்தில் ஏரிக்கரைக்கும் தாழ்வான தெருவுக்கும் மாறி மாறிப் போய்வந்து காய்ச்சலே வந்துவிட்டது. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாதவர்கள் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். எம்.ஏ. படித்த கையெழுத்தில் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாள். தலையாரி வேலை என்று நான் சொன்னதை நினைத்து எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவளுக்கு இருந்த ஒரே கர்வம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெண் யாராவது, "எப்படிக்கா கிடைச்சுது, யாரைப் புடிச்சீங்க?" என்று கேட்டால், "யாரையும் புடிக்கல. யாரு வாசல்லயும் போயி நிக்கல. புடவையக் கட்டிக்கினு ஓட்டிக் காட்டினேன்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு சுருதி ஏறும். நான் அந்த நேரம் பார்த்து உள்ளே போய் ஏதாவது தேட ஆரம்பிப்பேன். சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். அந்தக் குரலைக் கேட்ட பிறகு சொல்ல மனசு வராது. அந்த ஆள் உண்மையிலேயே சொன்னாரா, பத்திரிகையை எங்கேயாவது தொலைத்துவிட்டாரா என்பதும் எனக்குத் தெரியாது. போய்க் கேட்கவும் பயம். கேட்டால், "நான் இல்லன்னா நடந்திருக்குமா" என்பார். அவர் ஒன்றும் செய்யாமலே கூட அப்படிச் சொல்லக்கூடிய ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரே வந்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, உரிமையோடு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. வர்ற வாரம் கால்வா ஓரமா அளக்க வராங்களாம். என் காம்பவுண்டு செவுரு அங்கதான் கீது. உன்னைத்தான் கேப்பாங்க. ரொம்ப வருசமா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"அது போன வருசம் கட்டினது சார். கட்டறப்ப நான் அந்த வழியாத்தான் போவேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

"தெரியும்மா. அதான் உன்னாண்ட வந்தேன். நீ நம்ம ஆளு."

"நம்ம ஆளுன்னா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா வாத்தியாரே, சொல்லலையா நீ? டீக்கடையில வந்து அவ்ளோ கெஞ்சினியே. நான் சொல்லப்போயிதானேம்மா உனக்கு வேல."

அவள் கையில் பிழிந்த துணி இருந்தது. அதைக் கொடியில் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துச் சரிசெய்து, கிளிப் மாட்டினாள். அப்புறம் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அளக்கறப்ப கேட்டா போன வருசம்னுதான் சார் சொல்லுவேன். வேலயே போனாலும் அதான் சொல்லுவேன். நீங்க கிளம்புங்க."

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்: நியமனம் வாங்கி வந்தவன் சாகிறவரைக்கும் நியமித்தவனின் ஆளாகவே இருப்பான், அதனால்தான் அந்த முறை நாறிப்போனது என்று. அதைப் பரீட்சைக்கான ஒரு வரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். வாசலில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கும் என்று நினைத்ததில்லை. இவள் அவருடைய ஆளாகவில்லை, ஒரு நிமிஷத்துக்குக் கூட ஆகவில்லை. ஆனாலும் அவளிடமிருந்து ஒன்று போய்விட்டது என்பதை அவள் நின்ற நிலையிலேயே பார்த்தேன்.

மீதித் துணியையும் உலர்த்திவிட்டு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நல்லது.

"அந்த அதிகாரி இன்னொரு வாட்டி ஓட்டச் சொன்னாரே, அது எனக்குச் சொன்னதா, இவரு சொன்னதுக்குச் சொன்னதா?" என்று கேட்டாள்.

"தெரியலை. சத்தியமாத் தெரியலை."

"எனக்கும் இனிமே தெரியாது. இல்ல?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது வாட்டி ஓட்டினது நான்தான். அது எவன் சொல்லியும் நடக்கல. அதை நான் யாருக்கும் வுட்டுத்தர மாட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "அவராண்ட போனதுக்கு நான் கேக்கலைங்க. நான் வுழுந்துடுவேன்னு நெனச்சிதானே போனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊர் வழக்கம், எல்லாரும் செய்வதுதான், உன் மேலுள்ள பாசத்தில்தான் என்றெல்லாம் சொல்ல வாயில் வார்த்தை தயாராக இருந்தது. பாசத்தில்தான் போனேன் என்பதில் பொய்யும் இல்லை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காப்பி வந்தது, வழக்கமான சர்க்கரையோடு. அளக்க வந்த நாளில் அவள் போய் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் அந்தச் சைக்கிளில்தான் போய்வருகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மட்டும், "கெடச்சிது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள்.

அந்த மருந்துக்கடை மாடியில் முன்பின் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் தோளைத் தட்டி, "நீ பாஸ் பண்ணிடுவே, போ" என்று அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் பெயர் கூட எனக்குத் தெரியாது. அவர்கள் தேறுவார்கள் என்று எனக்கு நம்பிக்கையும் இருந்ததில்லை, வாய் சும்மா சொல்லும். மனைப் பக்கத்தில் காரியரைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேனே, அவளிடம் அந்த வார்த்தையை ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை.